முன்பாய்

சாங்கி ஓடையின் மூன்றாம் மிதவையில்
பாதி சுருண்டு நிற்கிறது முன்பாய்,
குளிக்கப் போனவர்
துண்டு கேட்டுக் கதவிடுக்கில் நிற்பது போல.

"டிரம் போச்சு. புதுசு எவ்வளவு?"
என்கிறார் லியோனார்ட் கோ.
விடியற்காலைச் சுமத்ராக் காற்றில்
சுருட்டுகயிற்றை வின்ச்சில் போட்டு இழுத்திருக்கிறார்.
கைக்கு வராததை வின்ச்சிடம் கேட்கக் கூடாது.
இதைச் சொல்ல எனக்கு மணிக்கு எண்பது வெள்ளி.
சொல்லவில்லை. மண்டியிட்டு டிரம்மைப் பார்க்கிறேன்.

பாய் விரிந்தால் கயிறு இதில் சுருளும்,
பாய் சுருண்டால் கயிறு வெளியே ஓடும்.
ஒன்று மெலிய ஒன்று பெருக்கும்,
அவ்வளவுதான் இயந்திரம்.
யாரோ அன்பு மிகுந்து கிரீஸ் அப்பியிருக்கிறார்கள்.
அதில் மணல் ஒட்டி அரைபட்டிருக்கிறது.
இந்த வகைக் குண்டுகளுக்கு நல்ல தண்ணீரே போதும்.
முதல் வாளி கறுப்பாய் வடிகிறது,
மூன்றாவது தெளிவு.
ஒற்றை விரலால் தள்ளுகிறேன்.
டிரம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கீழே குற்றமில்லை.

பாயைக் கட்டிவிட்டு மேலே போகிறேன்.
ஹஃபீஸ் வின்ச் சுற்றச் சுற்ற
ஐந்து மீட்டரில் புலாவ் உபின்,
ஒன்பதில் மீன் பண்ணைக் கூண்டுகள்,
பதினான்கில்
தரையிறங்கும் விமானத்தின் வெள்ளை வயிறு.
பிறகு, நான் தேடி வந்தது:
பாயை ஏற்றும் கயிறு
முன்கம்பியை மூன்று சுற்றுக் கட்டிக்கொண்டிருக்கிறது.

மேல்சுழலியின் கீழ்ப்பாதி பாயோடு சுற்ற வேண்டும்.
மேல்பாதி கயிற்றோடு சும்மா இருக்க வேண்டும்.
சும்மா இருக்கத்தான்
கயிற்றுக்குக் கொஞ்சம் விலகல் தேவைப்படுகிறது,
ஒரு பத்துப் பாகை.
போன மாதம் வெட்டித் தைத்ததில்
பாய் ஒரு முழம் குட்டை.
சுழலி தாழ்ந்து நின்றுவிட்டது.
கயிறு கம்பிக்கு இணையாக ஓடி
இணையாக ஓடியதாலேயே பிணைந்துவிட்டது.
பாயின் தலையில் ஒரு முழத் துண்டு சேர்த்தால்
தீர்ந்திருக்கும். ஐம்பது வெள்ளி.

சுற்றுகளைப் பிரிக்கிறேன்.
கையுறையைத் துளைத்து ஏதோ குத்துகிறது.
கம்பியின் பத்தொன்பது இழைகளில்
இரண்டு அறுந்து நிமிர்ந்து நிற்கின்றன,
இன்னும் மூன்று முறுக்கு விட்டு விரிந்திருக்கின்றன.
வின்ச் இழுத்தது பாயை அல்ல.
இன்னும் ஒரு சுற்று இழுத்திருந்தால்
இந்தப் பாய்மரம் அவர் மடியில்.

அதே பாய்மரத்தில் தொங்கிக்கொண்டுதான்
மறுபடி எண்ணுகிறேன்.
பதினேழு.

"ஓகேயா, காக்?"
"இறக்கு. மெதுவா, ஹஃபீஸ். மெதுவா."

கால் தளத்தைத் தொட்டதும்
லியோனார்ட் கோ எழுந்து வருகிறார்.
"டிரம்?"
"டிரம் நல்லா இருக்கு."
அவர் முகம் மலர்கிறது, மனைவியைப் பார்த்துச் சிரிக்கிறார்,
எனக்குக் குளிர்ந்த தேநீர் டின் ஒன்றைத் திறந்து நீட்டுகிறார்.
வாங்கிக்கொள்கிறேன்.
கையுறையைக் கழற்றும் வரைக்குமாவது
அவர் சிரிக்கட்டும்.