மான் தின்ற கொப்பி

நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்று வைத்திருந்தேன்.
திகதி, விடிய விறைப்பு எத்தனை நிமிடம்,
எந்த மூட்டு, பத்துக்கு எவ்வளவு.
சீனக்குடா மா ஆலையில்
லொறிக்கு மூட்டை எண்ணுகிறவன் நான்.
எண்ணி வைத்தால் எதுவும் தவறாது என்று
பதினெட்டு வருசமாய் நம்பி வந்தவன்.

ரூபிக்குப் பிடிக்காது.
"என்னை ஸ்டொக் எடுக்காதையுங்கோ" என்பாள்.
சிரித்துவிட்டு ஏழு என்று எழுதுவேன்.
அவள் சொன்னது ஐந்து.
முகம் சொன்னது ஏழு.

தபாற்கந்தோரில்
நாளுக்கு நானூறு கடிதத்துக்கு முத்திரை குத்திய கை அது.
இப்போது எங்கள் வீட்டில்
ஜாம் போத்தல், தண்ணீர்ப் போத்தல், மாத்திரைப் போத்தல்
எல்லா மூடியும் அரைத் திருகலில் நிற்கும்.
எறும்புகளுக்கும் அது தெரியும்.
சேலைக்கு ஊசி குத்துவது என் வேலை.
தோள் ஊசியை மட்டும் அவளே குத்துவாள்,
பத்து நிமிடம் போனாலும்,
பஸ் போனாலும்.

பக்கத்து வீட்டு நிர்மலா அக்கா சொன்னா என்று
கன்னியாவுக்குப் போனோம்.
ஏழு கிணற்றிலும் அள்ளி அள்ளி வார்த்தேன்.
சுகமாய்த்தான் இருக்கு என்றாள், கண்ணை மூடிக்கொண்டு.
திரும்பும் ஓட்டோவில் தலைமயிர் காயுமுன்
விரல்கள் பழையபடி மடிந்துகொண்டன.
எழுதினேன்: மூன்று. அதற்குக் கீழே, எட்டு.

அன்று கிளினிக்.
இரத்தம் கொடுத்தாயிற்று,
நம்பர் வர இன்னும் நேரம் கிடக்கு என்று
கடற்கரைப் பக்கம் மெல்ல நடந்து
வாங்கிலிலிருந்து பணிஸ் பிய்த்துக்கொண்டிருந்தோம்.
மான்கள் வந்தன.
எங்கள் ஊர் மானுக்குக் காடு தெரியாது,
கடலைச் சுருளும் லொத்தர்ச் சீட்டும் தெரியும்.
பணிஸ் பையோடு சேர்த்துக்
கொப்பியையும் கவ்வி இழுத்தது
ஒற்றைக் கொம்பு முறிந்த ஒன்று.
ஓடினேன்.
வைகாசியும் ஆனியும் அதன் வாயில்.
ஆடியை எட்டிப் பிடித்தேன், ஒரு மூலை கிழிந்து வந்தது.
பொலித்தீன் தின்று பழகிய வாய்
பதினான்கு மாதத்தை அசைபோட்டபடி
என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ரூபி சிரித்தாள்.
சிரித்தால் அவளுக்குத் தாடை நோகும்.
தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"பாவம், இனி அதுக்கு நோகப்போகுது."

டொக்டர், எப்படி இருக்கு என்று
வழமைபோல என்னைக் கேட்டார்.
வெறுங்கையோடு இருந்தேன்.
விசிறி இரண்டு மூன்று தரம் சுற்றியிருக்கும்.
பிறகு பக்கத்துக் கதிரை பேசியது.

கையை விடுங்கோ, பாதம்தான் என்றாள்.
இரவில் போர்வை பட்டாலே கல்லு வைத்தமாதிரி.
வெள்ளிக்கிழமை மாத்திரை போட்டால்
சனி முழுக்க நாக்கில் தகரம்.
இதெல்லாம் பரவாயில்லை டொக்டர்,
இவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என் முகத்தை.
நோகாத நேரத்திலும்
நோகாத முகமொன்று வைத்திருக்க வேண்டிக்கிடக்கு.
அதுதான் களைப்பு.

பாதத்துக்கு என் கொப்பியில் நிரலே இல்லை.

இரவு
பத்துக்கு எவ்வளவு என்று வாய்வரை வந்தது.
விழுங்கிவிட்டு
கால்மாட்டில் பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்துப் போட்டு
போர்வையை அதன்மேல் தூக்கி விட்டேன்,
பாதத்தில் படாதபடி.
ஒரு சின்னக் கூடாரம்.
உள்ளே அவள் விரல்கள் அசைவது தெரிந்தது.
லைற்றை அணைத்தேன், முகம் பார்க்காமலிருக்க.

"மான் இப்ப எந்தப் பக்கத்திலை நிக்கும்?"
வைகாசி என்றேன்.
"வைகாசியில ஒருநாள் திடீரெண்டு மழை பெய்ததே,
நீங்கள் உடுப்பு எடுக்க ஓடினீங்கள்.
அண்டைக்கு எனக்கு ஒண்டுமே நோகேல்லையப்பா.
சொன்னன்.
நீங்கள் நாலு எண்டு எழுதினீங்கள்."