கூடையிலிருந்து எடுத்து வைத்தவை

முதல் கடை நகரத்தின் நடுவில்.
கண்ணாடிக் கதவு, வெள்ளை விளக்கு.
"வீட்டில் பீர் காய்ச்சப் போகிறீர்களா, முதல் தடவையா?" என்றவன்
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
நூற்று நாற்பது பவுண்டு எஃகு அண்டா ஒன்றைத்
தட்டிக் காட்டினான்.
கோயில் மணிபோல் அது நெடுநேரம் ஒலித்தது.
யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன்.
தமிழில் அதற்கு 'இனி வரமாட்டேன்' என்று பொருள்.
ஆங்கிலத்திலும்தான்.

இரண்டாவது கடை, பார்த்தால் கடையாகவே இல்லை.
டண்டியில் எந்தத் தெருவும் ஒன்று ஏறும், இல்லை இறங்கும்.
இது இறங்குகிற தெரு.
டயர் கடைக்கும் மூடிப்போன சலூனுக்கும் நடுவே
பெயர்ப்பலகையில் பாதி எழுத்து மழையோடு போயிருந்தது.
வியாழன், வெள்ளி, சனி. இரண்டு மணி வரை.
கீழே பேனாவில்:
'மீன் பிடிக்கப் போகாத நாளில் அதற்கு மேலும்.'

உள்ளே முதலில் வந்தது வாசனை.
வறுத்த தானியம், ஈரச் சாக்கு,
அப்புறம் ஹாப்ஸ்.
புல்லா, நாரத்தைத் தோலா, பூனையா,
மூக்கால் முடிவுசெய்ய முடியவில்லை.
அதற்குப் பிறகுதான் இஷ்பெல் கெட்டிஸ் வந்தார்,
மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் இன்னொன்று.

நான் கூடையை நிரப்பி வைத்திருந்தேன்.
அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.
"செப்புச் சுருள் எதற்கு?
பாத்திரம் கழுவும் தொட்டியில் பனிக்கட்டி போடு, ஆறிவிடும்.
நாலு வகை ஹாப்ஸா? ஒன்று போதும்,
எது கசந்தது என்று தெரியவேண்டாமா?
இது கண்ணாடி ஜாடி. நீயோ மூன்றாம் மாடி என்கிறாய்.
வேண்டவே வேண்டாம்."
இவர் எப்படிப் பிழைக்கிறார் என்று
எனக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது.

மிஞ்சியது மூடி போட்ட வாளி, ஏர்லாக்,
மால்ட் பொடி இரண்டு பை, ஹைட்ரோமீட்டர்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று
அந்தக் கண்ணாடிக் குச்சியைப் பார்த்து
நானே சொல்லிக்கொண்டேன்.
அவர் சொன்னது வேறு:
"இது உடையும். இரண்டாக வாங்கு."
கூடுதலாக வாங்கச் சொன்னது அது ஒன்றைத்தான்.

பிறகு சுத்தம் பற்றித் தொடங்கினார்.
அது தெரியும் என்றேன்.
எப்படித் தெரியும் என்றார்.

மருத்துவமனைக் கிருமி ஆய்வகம்.
பதினோரு வருடமாக ஈஸ்டைத் தேடிப் பிடித்துக்
காட்டிக்கொடுக்கிறவள் நான்.
சிறுநீரில், ரத்தத்தில்,
யாரோ ஒருவரின் குழாய் நுனியில்.
தட்டில் அது மொட்டுவிட்டால்
வார்டுக்கு ஃபோன் போடுவேன்.
அந்தப் பக்கம் இதுவரை யாரும் மகிழ்ந்ததில்லை.

இஷ்பெல் சிரித்தார்,
மேசையில் கையூன்றி, இருமல் வரும் வரை.
"அப்படியானால் உனக்கு பாக்கெட் ஈஸ்ட் கிடையாது" என்று
பின்னறைக்குப் போனவர்
ஜாம் பாட்டிலில் பாதியளவு சேறு கொண்டுவந்தார்.
செவ்வாயன்று தன் வாளியடியில் வழித்ததாம்.
விலை கேட்டேன். முறைத்தார்.
சரிதான்,
உறைமோருக்கு எந்தப் பக்கத்து வீட்டில்
காசு வாங்குகிறார்கள்?
பாட்டிலை மட்டும் திருப்பித் தரவேண்டுமாம்.

அவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது
பேருந்து பாதித் தூரம் வந்தபிறகு புரிந்தது.

சனி இரவு காய்ச்சி, ஆற்றி, சேற்றைக் கலந்து
வாளியைத் துணி அலமாரிக்குள் தள்ளினேன்.
ஞாயிறு மதியம் ஒன்றுமில்லை.
மாலையிலும் இல்லை.
கொன்றுவிட்டேனோ?
கொல்வதுதானே நான் படித்த படிப்பு.
அன்றிரவு வேலையில் மூன்று தட்டுகளை
தேவைக்கு மேல் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை கதவைத் திறந்ததும்
சட்டைகளுக்குப் பின்னால் எதுவோ
பளக் என்றது.
கோட்டைக் கழற்றாமல் நின்றேன்.
பளக்.
கொஞ்ச நேரம் கழித்து, மறுபடியும்.

யாருக்கும் ஃபோன் போடவில்லை.
ஜாம் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தேன்.
வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.