எடைத்தாள்

வின்னிபெக் விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகை.
ஜனவரி. சிமிட்டினால் இமை ஒட்டிக்கொள்கிற குளிர்.
என் வேலை கணக்கு.
எது முன்னால், எது பின்னால்,
எந்தப் பெட்டி எத்தனை கிலோ,
வால் தரையில் உரசாமல் விமானம் எழும்ப
பாரம் எங்கே நிற்க வேண்டும்.

இன்றைக்குப் பாரம் தன் காலிலேயே நிற்கிறது.
இருபத்தாறு பலகைப் பெட்டிகள்,
பெட்டிக்கு மூன்று, சிலவற்றில் நான்கு.
மேலே வலை. மூச்சு ஏறி வலையில் உறைந்து
பஞ்சு பஞ்சாய்த் தொங்குகிறது.
ஒரு கால் வலித்தால் இன்னொரு காலுக்கு
எழுநூறு கிலோ மாறுகிறது.
என் சூத்திரத்தில் அதற்கு இடமில்லை.

குதிரையின் குணமறிந்துதான்
கொம்பு கொடுக்கவில்லையாம் கடவுள்.
கொடுத்திருந்தால்
பெட்டியை இன்னும் ஒரு சாண் உயர்த்தியிருப்பார்கள்,
அவ்வளவுதான்.

பரி, புரவி, இவுளி, கலிமா
என்று எத்தனை பெயர் படித்தேன் பள்ளிக்கூடத்தில்.
தாளில் ஒன்றே ஒன்று: உயிர்ச்சரக்கு.
பரியோடு ஓர் எழுத்து சேர்ந்தால் பரிவு.
அந்த எழுத்தை எழுதக் கட்டம் தேடினேன்.
இருந்தது இதுதான்:
கடைசியாகத் தண்ணீர் காட்டிய நேரம்.

காலை 5:40 என்று எழுதியிருந்தான் ஓரெஸ்ட்,
லாரி ஓட்டி வந்தவன்.
நான்கு மணிக்குக் கிளம்பியிருந்தால் சரியாக வந்திருக்கும்.
பனிப்புயல். ஓடுபாதை மூடல்.
இப்போது இரவு பதினொன்றே கால்.
ஜப்பான் போய்ச் சேர இன்னும் பதினான்கு மணி நேரம்.
சட்டம் சொல்லும் எல்லை இருபத்தெட்டு.
கூட்டிப் பார்த்தேன். மறுபடி கூட்டினேன்.
கூட்டல் யாருக்கும் இரங்குவதில்லை.

லைல் ஃப்ரீசன், மேற்பார்வையாளர், கெட்டவர் இல்லை,
என் மகள் பிறந்தபோது கேக் வாங்கி வந்தவர்,
தாளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:
“அது ஒன்பதாகவும் இருக்கலாம். ஓரெஸ்டின் கையெழுத்து அப்படி.”

உண்மைதான்.
ஐந்தின் வாயை மூடினால் ஒன்பது.
ஒரு சின்ன வளைவு.
தண்ணீர் காட்டுவது என்றால்
தமிழில் இரண்டு பொருள் உண்டு, லைல்.
நீங்கள் கேட்டது இரண்டாவதை.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெட்டியின் பலகை இடுக்கில் ஒரு மூக்கு,
ஈரமாய், கருஞ்சாம்பலாய், என் விரல் நுனியளவு முடியோடு.
ஓரெஸ்ட் கையுறையைக் கழற்றி
அதன் மேலுதட்டைச் சொறிந்துகொண்டிருந்தான்,
போனில் மனைவியிடம் வேறெதையோ பேசியபடி.

நானும் ஒரு லாரியின் பின்புறத்தில்
பதினொரு மணி நேரம் வந்தவன்.
அதைச் சொல்லி இவற்றோடு உறவு கொண்டாட மாட்டேன்.
தட்ட எனக்குக் கை இருந்தது.
தண்ணீர் என்று கேட்க மூன்று மொழி இருந்தது.
இறங்கிய இடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு போர்வை.

பேனா மை உறைந்திருந்தது.
வாயில் வைத்து ஊதி ஊதிச் சூடாக்கி
5:40-க்குக் கீழே கோடு போட்டு
என் பெயரை முழுதாக எழுதினேன்.
அடையாள அட்டையில் இருக்கிற சுருக்கமில்லை,
முழுப் பெயர்: திருச்செல்வம் குலவீரசிங்கம்.
லைல் ஒன்றும் சொல்லவில்லை.
என் ஓவர்டைமை மட்டும் அந்த வாரம் மறந்துபோனார்.

இரண்டு மணிக்கு லாரிகள் திரும்பி வந்தன.
ஊருக்கு வெளியே ஒரு பட்டியில் இறக்கினார்களாம்.
ஓரெஸ்ட் போனில் எனக்கு அனுப்பியது
படம் அல்ல, ஒலி.
இருபது வினாடி:
தொட்டியில் எழுபது, எண்பது வாய்கள் உறிஞ்சுகிற சத்தம்,
நடுவே ஒரு தும்மல்.

அடுத்த செவ்வாய், வானம் தெளிவு.
அதே பெட்டிகள். பின்தொடையில் அதே ஒட்டு எண்கள்.
எடை மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது,
வைக்கோலும் தண்ணீரும்.
பழைய எண்களை அடித்துவிட்டு
புதியவற்றை எழுதினேன்.