நிலுவை

ஒன்பது இருபதுக்கு வந்தார் தவசீலன்.
மூடும் நேரம் ஒன்பதரை என்ற பலகையைப் பார்த்துவிட்டு
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார்.
சீருடை. காண்டோ வாசலில் இரவுக் காவல்.
பத்துக்குள் போய்க் கையெழுத்துப் போடணும்.
"வாயு, டாக்டர். வெள்ளை மருந்து ஒரு பாட்டில் குடுத்தா போதும்."

வாயு.
எங்கள் மொழியில் அது எங்கும் போகும்.
விலாவில் குத்தும், முதுகில் பிடிக்கும்,
தோளுக்கு ஏறும், மூட்டில் தங்கும்.
கடலைப் பருப்பில் பிறந்து
ஓர் ஏப்பத்தில் இறக்கும்.
அதனால் செத்தவர் எங்கள் குடும்பங்களில் எவருமில்லை.
செத்தவர்களைத்
திடீரென்று போய்விட்டார் என்கிறோம்.

எங்கே வலி என்றேன்.
வலி இல்லையாம். ஒரு மாதிரி இருக்காம்.
"ஒரு மாதிரின்னா?"
உள்ளங்கையை விரித்து நெஞ்சில் வைத்தார்,
பிறகு மெல்ல அதை மூடினார்.
குளிர்சாதனம் இருபத்திரண்டில் ஓடுகிறது.
அவர் காலர் நனைந்திருக்கிறது.

புக்கிட் பாத்தோக்கில், ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில்
இரண்டு அறை கிளினிக்.
அன்று அவருக்கு முன் முப்பத்தெட்டுப் பேர்:
பதினொரு சளி, எம்சிக்காக ஒரு வயிற்றுப்போக்கு,
டெங்கி என்று அழுத ஒரு தாய்,
டெங்கியே இல்லை என்று அடம்பிடித்த ஒரு பையன்
(அவனுக்குத்தான் தட்டணுக்கள் எழுபதாயிரம்).
பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.
ஆறாத ஒன்றிரண்டுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
அவை சட்டையில் எழுதிக்கொண்டு வருவதில்லை.

பெய் ஷான் இசிஜி ஒட்டினாள்.
நெஞ்சு முடியில் ஒட்டாமல் இரண்டு கழன்று விழுந்தன.
தாள் வந்தது. ஒழுங்கான மேடு, ஒழுங்கான பள்ளம்.
ஒன்றுமில்லை.
"நான்தான் சொன்னேனே" என்று எழுந்தார்.

போன வருடம் இதே இடத்தில்
ஓர் அம்மாளை எழுந்து போகவிட்டேன்.
நல்ல தாள். தாடையில் வலி.
பல் டாக்டரைப் பாருங்கள் என்றேன்.
மருத்துவமனைக் கடிதம் நான்கே வரி.
அதில் என்னை யாரும் குறை சொல்லவில்லை.
இன்னும் இழுப்பறையில் இருக்கிறது.

"பத்து நிமிஷம் படுங்க."
"வேலைக்கு நேரமாகுது டாக்டர்."
"சூப்பர்வைசர் நம்பர் குடுங்க, நான் பேசறேன்."

படுத்தபடி
சைக்கிளைப் பற்றிச் சொன்னார்:
வெளியே தூணில் சங்கிலி போட்டிருக்கு, சாவி பையில.
மகள் பாலிடெக்னிக்கில். நாளைக்குத் தேர்வு.
அவளுக்கு மட்டும் போன் பண்ணிடாதீங்க.

இரண்டாவது தாள்.
இதயத்தின் அடிப்பக்கம் பார்க்கும் மூன்று வரிகளிலும்
கோடு தோளைத் தூக்கியிருந்தது.
ஒரு கணம் எனக்குள், சொல்ல வெட்கம்தான்,
நான் சரி என்ற சந்தோஷம்.
அடுத்த கணம் அவர் முகம்.

ஒன்பது ஒன்பது ஐந்து.
ஆஸ்பிரின். "முழுங்காதீங்க, மெல்லுங்க."
நாக்கடி மாத்திரையை எடுத்தேன்,
அழுத்தம் தொண்ணூற்றிரண்டு,
திரும்ப வைத்தேன்.
"அப்போ வாயு இல்லையா?"
"இல்லை."
"ஓ" என்றார்,
எதிர்பார்த்த உறவினர் வரவில்லை என்று கேட்டதுபோல.

எட்டு நிமிடம்.
தள்ளுபடுக்கை இடித்துத் தடுப்பூசி விளம்பரம் விழுந்தது.
சுழல்விளக்கு புளோக்கின் தூண்களில் சுற்றியது,
மாடி ஜன்னல்களில் தலைகள்,
பிறகு தலைகள் இல்லை.

கடிதம் எதுவும் வரவில்லை.
கூப்பிட்டால், நீங்கள் என்ன உறவு என்கிறார்கள்.
பரிந்துரைத்தவர் என்றேன்.
காத்திருக்கச் சொன்னார்கள், பாட்டுப் போட்டார்கள்.

மூன்று வாரம்.
சைக்கிள் தூணிலேயே நிற்கிறது.
அகற்றப்படும் என்று நகர மன்றம்
மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது.
கணினியில் அவர் பெயருக்கு நேரே
நாற்பத்தெட்டு வெள்ளி, நிலுவை.
தள்ளுபடி செய்துவிடவா என்று
சனிக்கிழமைதோறும் பெய் ஷான் கேட்கிறாள்.
வேண்டாம், வந்து கட்டுவார் என்கிறேன்.

நேற்றுக் கடைசியாகப் பூட்டியது நான்தான்.
மஞ்சள் சீட்டைக் கிழித்துப்
பைக்குள் போட்டுக்கொண்டேன்.
டயரில் காற்று இறங்கியிருக்கிறது.