சர்க்கரை இல்லாமல் ஒன்று

ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திராவுக்குள் நுழைந்தால்
போர்டுதான் தெலுங்காகும், டீ மாறாது.
ஸ்டேஷனுக்கு எதிரே என் கடை.
ஸ்டேஷன் கணக்குக்குத் தனி நோட்டு:
தேதி, மணி, எத்தனை கிளாஸ்.
மாதம் பிறந்தால் காசு வரும்.
சில மாதங்கள் பிறப்பதில்லை.

செவ்வாய் ராத்திரி எட்டே கால். ஏழு டீ.
எப்போதும் ஆறுதான்.
"ஒகட்டி சக்கெர லேகுண்டா" என்றார் கான்ஸ்டபிள் நாகபூஷணம்.
எழுதிக்கொண்டேன்: சர்க்கரை இல்லாமல் 1.

அந்த ஒன்று, பெஞ்சுக் காலோடு சங்கிலியில் இருந்தது.
ஜவ்வாது மலை ஆள். வேடியப்பன்.
கிளாஸை இடது கையால் வாங்கினான்.
செம்மரம் வெட்டினானா?
எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

புதன் மூன்று வேளை. வியாழன் மூன்று வேளை.
வெள்ளி ராத்திரியும் சர்க்கரை இல்லாமல் ஒன்று.
சனிக்கிழமை ஜீப் கோர்ட்டுக்குப் போனது,
ஒரு காகிதத்தோடு:
"இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு
ஏரிக்கரையில் பிடிபட்டான்."

திங்களன்று வக்கீல் ஹைமாவதி வந்தார்.
டீ ஆறும்வரை பேசவில்லை. அப்புறம்,
பிடித்தால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள்
மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தணும், என்றார்.
வழிப்பயண நேரம் அதில் சேராது.
"வழி, பஸ்ஸிலேயே நாற்பது நிமிஷம்தானே" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது
நான் எந்தப் பக்கம் பேசிவிட்டேன் என்று.

அரசாங்கம் என்றால் எனக்கு
அடுப்பைத் தூக்கிப்போகிற கை.
அந்தக் கைக்கும் ஒரு கடிகாரம் கட்டியிருக்கிறது,
எப்போதோ, எங்கேயோ, யாரோ உட்கார்ந்து எழுதி,
என்பது
பத்தொன்பது வருஷமாய்
சுவரில் கடிகாரம் மாட்டி வைத்திருக்கும் எனக்குத் தெரியாது.

ராத்திரி நோட்டை மடியில் வைத்திருந்தேன்.
ஒரு தாளைக் கிழித்தால் போதும்.
கிழித்தால் தையலில் எதிர்த்தாளும் கழன்று வரும்,
ஜூன் மாசப் பாக்கி மொத்தமும்.
வீரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"ஏழாவது டீ இவனுக்குத்தான் என்று எப்படிச் சொல்கிறாய்?"
"ஸ்டேஷனில் சர்க்கரை இல்லாமல் குடிக்கிறவர் யாருமில்லை ஐயா.
நாகபூஷணம் சாருக்கு மூணு ஸ்பூன்."
கோர்ட் சிரித்தது.
மாஜிஸ்ட்ரேட் சிரிக்கவில்லை. விரலை வரிவரியாய் இறக்கி
எண்ணிக்கொண்டிருந்தார்.
செவ்வாய் எட்டே காலிலிருந்து சனி பத்தே கால் வரை
எண்பத்தாறு மணி நேரம்.
பெஞ்சு கிளார்க் மறுபடி எண்ணினார். அதே எண்பத்தாறு.

இப்போது ஸ்டேஷனுக்கு வீட்டிலிருந்து பிளாஸ்க் வருகிறது.
என் அடுப்பு இன்னும் இருக்கிறது;
நாளைக்குத் தெரியாது.
நோட்டு மட்டும் திரும்பவில்லை.
சிவப்பு நாடா கட்டி, எண் போட்டு,
கோர்ட் அலமாரியில் இருக்கிறதாம்.
உள்ளே இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
அரசாங்கம் எனக்குக் கடன்பட்டிருக்கிறது,
அரசாங்க முத்திரையோடு.