இரண்டாவது டிக்

முஹர்ரக் ஐஸ் பிளாண்டில் நின்றபடி
ததேயுவுக்கு அனுப்பினேன்:
"ஷமால் அடிக்கப் போவுதாம். வலையை வெட்டிவிட்டாவது
கரைக்கு வா மக்கா."
ஒரு டிக்.
நாலு கட்டி ஐஸ் உடைத்துவிட்டுப் பார்த்தால்
இரண்டு.

கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தேன்.
மாணிக் மியா, "என்ன சிரிப்பு?" என்றான்.
"லாஞ்சுக்குச் சேதி போயாச்சு."

அறைக்கு வந்தேன்.
அவன் தலையணைக்கு அடியில் ஏதோ முனகியது.
கண்ணாடி நொறுங்கிய பழைய போன்.
புதுசு வாங்கின அன்றைக்கு
இதையும் அதே நம்பரில் இணைத்து வைத்தான்,
படுத்துக்கொண்டே படம் பார்க்க.
விரிசலுக்குள் என் பெயர்,
அதன் கீழே நான் சொன்ன காற்று.

கடலுக்கு விட்ட சொல்
கட்டிலில் வந்து கிடக்கிறது.
எந்தக் கருவி வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான்.
ஆள் எங்கே என்று டிக் கேட்பதில்லை.

மறுபடி முனகல். இனயத்திலிருந்து கிளாடிஸ்:
"சின்னவனுக்குக் காய்ச்சல் எறங்கியாச்சு."
சற்றுப் பொறுத்து,
"ரெண்டு டிக் விழுந்துட்டு. அப்போ ரேஞ்சுலதான் இருக்கீங்க.
நான் ஒறங்கட்டா?"

வயரைப் பிடுங்கக் கை நீண்டது.
இதை அணைத்தால்
நான் அனுப்புவது ஒற்றையாய் நிற்கும், உண்மையாய் நிற்கும்.
ஆனால் அவளுடையதும் ஒற்றையாகும்.
இனயத்தில் ஒற்றை டிக் என்றால்
விடியும்வரை விளக்கு.
திறந்து படித்தால் நீலமாகும்.
அது இன்னும் பெரிய பொய்.

பிடுங்கவில்லை. தொடவில்லை.
சார்ஜரோடு ஜன்னல் படியில் வைத்தேன்.

பன்னிரண்டுக்குக் காற்று வந்தது.
ஏசி பெட்டி ஆடியது, மணல் கண்ணாடியைப் பிறாண்டியது.
"எங்க நிக்குத?" என்று அனுப்பினேன்.
ஜன்னல் படி அதிர்ந்தது.
"ஏலே, ஒரு வார்த்தை."
ஜன்னல் படி அதிர்ந்தது.
அரபாப் போனை எடுக்கவில்லை.
கடலோரக் காவல் நம்பரில் ஒருத்தர்
லாஞ்சின் எண் கேட்டுக் குறித்துக்கொண்டார்.
அவர் குறித்துக்கொண்டதற்கு டிக் எதுவும் இல்லை.

மூன்றரைக்கு எண்ணிப் பார்த்தேன்,
விரிசல் கண்ணாடியில் பதினாறு சேதிகள்,
கரையில் காத்திருக்கும் காலிக் கூடைகள் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று.

பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்
காற்று தணிந்து, மணல் வாசம் மட்டும் மிச்சம்.
திரை தானாக ஒளிர்ந்தது.
யாரும் தொடவில்லை,
நான் கட்டிலில், போன் படியில்.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
அடுக்கு கலைந்தது.
எங்கேயோ ஒரு ஈரக் கை
இன்னொரு போனைத் திறந்திருக்கிறது.

முதலில் மறைந்தவை கிளாடிஸுடையவை.
அப்புறம்தான், களவாணிப் பயல்,
என்னுடையவை.