பன்னிரண்டு அடி

கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
வேலூரில் மதிய டூட்டி முடித்து
குடியாத்தம் கடைசி பஸ்ஸில் இறங்கி
வீட்டுக்குப் போகாமல் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் காலடியால் அளந்தேன்.
ஆற்றுப் பக்கச் சுவர் மொத்தமும் படுத்துவிட்டது,
நூற்று எண்பது அடி.
நெகேமியாவும் இப்படி ராத்திரியில்தான் போய்ப் பார்த்தானாம்.
அவனுக்கு ஏறிப்போக ஒரு மிருகமாவது இருந்தது.
என் செருப்பில் ஒன்று சேற்றோடு போயிற்று.

நான் சபைச் செயலாளர் ஆனதே
இரண்டு அணியும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர்
இருவருக்குமே பிடிக்காத என் பெயர் என்பதால்தான்.

கமிட்டியில் முதலில் பேசியது கல்வெட்டைப் பற்றி.
கறுப்பு கிரானைட், மூன்றுக்கு இரண்டு,
பேராயர் பெயர் எந்த உயரத்தில்,
பொருளாளர் பெயர் அதற்கு எத்தனை விரல் கீழே.
சுவரை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

சிமெண்ட் ரசீது, எம்சாண்ட் லோடு, தண்ணீர் லாரி,
மேஸ்திரிக்கு டீ, கோபித்துக்கொண்டவர் வீட்டுக் கதவு,
எல்லாம் நானே.
வார்டில் நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போது
பாக்கெட்டில் போன் அதிரும்.
ஒன்பதாம் நாள் சம்பூரணம்
பீடி இலை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல்:
"மோசேக்கு மாமனார் வந்து சொன்னாரு.
உனக்கு நான்தான் சொல்லணுமா?
அத்தனை அடியையும் நீ ஏன் சொமக்கிற?
அவங்கவங்க செத்தவங்களுக்கு நேரா
அவங்கவங்க கட்டட்டும்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும்
சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டேன்.
மின்வாரிய லைன்மேன் தேவஇரக்கம்
அம்மாவுக்கு நேரே எட்டு அடி.
தீப்பெட்டி ஆலைக்குப் போகும் மூன்று சகோதரிகள்
அப்பாவுக்கு நேரே ஏழு.
அவர் இருந்தவரை அவருக்குப் பக்கத்தில்
மூவரும் சேர்ந்து நின்றதில்லை.
இரண்டு அணித் தலைவர்கள்,
ஞானசிகாமணியும் ஏசுவடியானும்,
தகப்பன்மார் அடுத்தடுத்துப் படுத்திருந்ததால்
ஒரே நூலைப் பிடிக்க வேண்டியதாயிற்று.
"மட்டமா?"
"ம்."
நான்கு வருஷத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.
வேலைக்குக் கழுத்தைக் கொடுக்காத பிரபுக்கள்
அந்தப் பழைய பட்டியலிலும் உண்டு.
எங்களுடையவர் காரைவிட்டு இறங்காமல் பணம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன். ரசீதும் கொடுத்தேன்.

பதினோராம் நாள் சாயங்காலம்
இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே
பன்னிரண்டு அடி ஆறு தெரிந்தது.

அங்கே சிலுவை இல்லை. மேடுதான், அதுவும் கரைந்தது.
யாருடையது என்று கேட்டேன்.
ஒவ்வொருவரும் தன் பூச்சுக்கரண்டியைக் கழுவப் போனார்கள்.
இரும்பு அலமாரியில் பழைய மினிட்ஸ் புத்தகம் இருந்தது.
அரளி விதை தின்ற பெண் ஒருத்தி,
பெயர் இல்லாமல் ஆறு கொண்டுவந்தவர் இருவர்,
சந்தா கட்டாமல் குடித்தே செத்த ஒருவன்.
"ஓரமாக இடம் கொடுக்கலாம்.
மணி அடிக்க வேண்டியதில்லை."
கீழே செயலாளர் கையொப்பம்.
அந்தச் சாய்வெழுத்தை எனக்குத் தெரியும்.
என் பள்ளி ரிப்போர்ட் கார்டிலெல்லாம் அதுதான்.

அப்பாவின் கல்லறை சாலைப் பக்கம், வேப்பமரத்தடியில்.
அந்தச் சுவர் விழவில்லை.
அதனால்தான் எனக்கென்று ஓர் அடிகூட இல்லாமல்
எல்லோருடையதையும் அளந்துகொண்டு திரிந்தேன்.

இரண்டு நாள் லீவு, சம்பளம் இல்லாமல்.
சம்பூரணம் செங்கல் எடுத்துக் கொடுத்தாள்.
கலவை குழைத்த என் கையை மேஸ்திரி பார்த்துவிட்டு
எதுவும் சொல்லாமல் வெற்றிலையை மென்றார்.
மூன்றாம் நாள் ரசமட்டத்தை வைத்தபோது
குமிழி ஆற்றுப் பக்கம் ஒதுங்கி நின்றது.
"இடிச்சுட்டு நான் கட்டித் தரேம்மா."
வேண்டாம் என்றேன்.

அன்றிரவு மினிட்ஸில் எழுதினேன்:
ஆற்றுப் பக்கம், பன்னிரண்டு அடி, முடிந்தது.
கையெழுத்துப் போட்ட பிறகு பார்த்தால்
அதே சாய்வு.

கல்வெட்டு விஷயம் இன்னும் கமிட்டியில் இருக்கிறது.
கோயில்குட்டி மட்டும் ஒரு நாள் வந்து கேட்டான்,
எத்தனை முறை அடிக்கணும் என்று.
நான்கு பேர், என்றேன்.